துள்ளிசைத் தட்டின் மெதுநடைப் பாட்டு

ஃபங்க் என்பது 1960களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின இசைஞர்களிடம் உருவான துள்ளிசை. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அதில் முன்னே நிற்கும். ஃபங்க் இசைத்தட்டுகளில் உருக்கமான, மெதுநடையான சோல் பாடல்கள் ஒன்றிரண்டும் இருக்கும். ஆடியவர்களும், பின்னாளில் ஹிப்-ஹொப்புக்காக டிரம்ஸ் துண்டுகளைத் தேடியவர்களும் துள்ளல் பாட்டுகளிலேயே ஊசியை வைத்தார்கள். மெதுநடைப் பாட்டுகள் பல கேட்பாரற்றுக் கிடந்தன.

இத்தகைய பாடலைத் தட்டின் ஒரு பக்கத்தின் கடைசியில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைகிறது. அதனால் உரத்த, கூரிய ஒலி அங்கே சிதறும். மென்மையான பாட்டு தாங்கும். எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் 1975ஆம் ஆண்டுத் தட்டு ‘தட்ஸ் த வே ஒஃப் த வேர்ல்ட்’ இதற்கு அழகிய சான்று. முதற்பக்கம் ‘ஷைனிங் ஸ்டார்’ என்ற துள்ளலுடன் தொடங்கி, ‘ஆல் அபவுட் லவ்’ என்ற கனிந்த பாட்டில் முடிகிறது. அப்பாட்டின் நடுவே குழுத் தலைவர் மொரிஸ் வைட் பாடுவதை நிறுத்தி, அருகில் அமர்ந்தவர்போல் பேசுகிறார்.

இத்தகைய பாட்டுகளை மீண்டும் கேட்கப் பழைய தட்டை மீட்பது பொறுமையான வேலை. மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் போல மூட்டம் படியும் மலைப்பகுதிகளில் காகித உறை ஈரம் உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். அது தட்டின் பள்ளங்களிலும் படிந்து இரைச்சலாகும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் உலர்த்தி, புதிய உறையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு கடைசிப் பாட்டுவரை ஊசியை ஓடவிட்டால், மறந்த குரல் தெளிவாக எழும்.