சாட்சி என்னும் பிரதி: கண்டிச்சீமைக்குப் போய்வந்த வாலிபர்கள்

மேலநீலிதநல்லூரை அடுத்த ஒரு கிராமத்துக் கோயிலில் (நம் பக்கத்தில் கிறித்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள்) போன வருஷம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ‘சாட்சி’ கேட்க வாய்த்தது. வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒன்பது பேர் இலங்கை மலையகத்துக்குப் பத்து நாள் ‘வெளிநாட்டு ஊழியப் பயணம்’ போய்வந்திருந்தார்கள். எந்த ஊர், எந்தச் சேகரம் என்பது இங்கே வேண்டாம். என் அக்கறை ஆட்களின் மீதில்லை. அவர்கள் வாசித்தளித்த பிரதியின் மீதுதான்.

சாட்சி ஒரு இலக்கிய வகைமை. அதற்குத் திட்டமான அமைப்பு உண்டு. முதலில் தடை: பாஸ்போர்ட் தாமதம், பணமில்லை, வீட்டில் சம்மதமில்லை. பிறகு திறப்பு: யாரோ முகம் தெரியாதவர் பணம் தருகிறார். அப்புறம் காட்சி: லயத்து அறைகள், கொழுந்துக்கூடை சுமக்கும் பெண்கள், செருப்பில்லாத பிள்ளைகள். கடைசியில் கண்ணீர். இந்த நான்கிலும் வினைகளைக் கவனியுங்கள். ‘போனோம், கொடுத்தோம், ஜெபித்தோம், பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம்’ என்று செயலெல்லாம் ‘நாங்கள்’ பக்கம். ‘அவர்கள்’ பக்கம் இருப்பவை இரண்டே வினைகள்: வாங்கிக்கொண்டார்கள், அழுதார்கள். திரையில் காட்டிய படங்களில் ஒருவருக்கும் பெயரில்லை. ஒரு பையன் சொன்னான்: “அவுகளப் பாத்த பெறகுதான் ஆண்டவர் நமக்கு எவ்வளவு குடுத்திருக்காருன்னு தெரிஞ்சுச்சு.” சபை ‘ஆமென்’ சொன்னது. பிறருடைய வறுமை இங்கே நம் பாக்கியத்தை எண்ணிப் பார்க்க உதவும் வாய்ப்பாடாகிவிடுகிறது.

பிரதி உடைந்த இடம் ஒன்று உண்டு. பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு ஆச்சி எழுந்து கேட்டாள்: “ஏய்யா, எங்க அப்பாகூடப் பெறந்த அத்தை கண்டிக்குத்தான் போனா. அட்டன் பக்கம்னு சொல்லுவாக. நம்ம ஆளுக யாரும் அங்கன இருக்காகளா, கேட்டீகளா?” பையன் திகைத்துப்போனான். “ஆச்சி, அதெல்லாம் நாங்க கேக்கலையே.” அடுத்த பாட்டு ஆரம்பமாகிவிட்டது.

அந்தக் கேள்விக்கு ஏன் இடமில்லாமல் போனது என்பதுதான் பிரச்சினை. ‘வெளிநாடு’ என்ற சொல் நிலைக்க வேண்டுமென்றால் ‘அத்தை’ என்ற சொல் மறைந்தாக வேண்டும். அத்தை இருந்தால் அது உறவுக்காரர் வீடு, ஊழியக்களம் ஆகாது.

கொஞ்சம் பின்னே போவோம். 1854இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் சி.எம்.எஸ். ஒரு மிஷனைத் தொடங்கியது. அதன் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. அதன் முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள். தோட்டத் துரைமாரின் சந்தாப் பணமும் அந்தப் பணிக்கு ஆதாரம். கூலியும் உபதேசியாரும் ஒரே வறண்ட மண்ணிலிருந்து, ஒரே காலத்தில், ஒரே தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். ஒருவரைக் கங்காணி கூட்டிப்போனார், மற்றவரை மிஷன் அனுப்பியது. மிஷனின் பெயரோ போனவரின் ஊரைச் சொல்லவில்லை, சாதியைச் சொல்லவில்லை. அவர் உழைப்பின் விலையை மட்டும் சொல்லியது. இன்றைய சாட்சியில் ‘கூலி’ போய் ‘பாவப்பட்ட ஜனங்கள்’ வந்திருக்கிறது. பெயரில்லாமல் இருப்பது மட்டும் மாறவில்லை.

இந்த ஊமைத்தனத்தை நம் இலக்கியம் எப்போதோ கலைத்துவிட்டது. 1930களில் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்துச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதிக்கு அங்கே பெயர் உண்டு, கோபம் உண்டு, விட்டுவந்த ஊர் உண்டு. தமிழ் படித்தவர்கள் அதைக் ‘கதை’ என்று பாடத்தில் வைத்துவிட்டோம். கோயிலில் அதை யாரும் வாசிக்கவில்லை.

மருதிக்குப் பிறகு நடந்ததும் சாட்சியில் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. யாரிடமும் கேட்கவில்லை. லயத்து அறையின் ஒழுகும் கூரைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. படம் கூரையோடு நின்றுவிடுகிறது. காரணம் நீங்கிய துயரம் இரக்கத்துக்கு வசதி. காரணம் தெரிந்தால் கூலி, காணி, குடியுரிமை என்று பேச வேண்டிவரும்.

1968 ஏப்ரலில் மெக்சிகோவில் கோடைச் சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் பேசினார். அவரும் பாதிரியார்தான். உங்கள் நல்லெண்ணம் உங்களுக்கே, ஊர் சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் முன்னால் இருந்தவர்கள் வல்லரசின் பிள்ளைகள். நம் ஒன்பது பேரோ அப்படியில்லை. வீட்டிலேயே முதன்முதலாக பாஸ்போர்ட் எடுத்தவர்கள், சீட்டுப் பணம் போட்டுச் சேர்த்தவர்கள். அதில் மூன்று பெண்களுக்குச் சங்கரன்கோவிலைத் தாண்டவே கேள்வி கேட்பார்கள். கடல் தாண்ட ஊழியம் ஒரு சாவி. இதை நான் மதிக்கிறேன். என்றாலும் மேய்ப்பனின் கோலைப் பிடிக்கப் பெரிய கை வேண்டியதில்லை. கொடுப்பவன் என்ற இடத்தில் நின்றவுடனே எளியவனுக்கும் மந்தை தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அதிகாரம் ஆளைப் பொறுத்ததில்லை, இடத்தைப் பொறுத்தது.

இதை எடின்பரோவில் 1910இல் நம் பக்கத்துக்காரர் ஒருவரே சொன்னார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, மேல்நாட்டு மிஷனரிகள் கூடிய மாநாட்டில், தியாகமெல்லாம் செய்தீர்கள், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்தப் பேச்சை நம் சபைகள் இன்றும் பெருமையாகச் சொல்லும். அதே கேள்வி இன்று அட்டனிலிருந்து நம்மை நோக்கி வருகிறது என்பதுதான் உறைக்கவில்லை.

மாற்று ஒன்று நம் கண்முன்னே நடந்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி புறப்பட்டது. வழியில் செத்து விழுந்த முன்னோர் நடந்த தடத்தில், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரோடு அவர்களே நடந்தார்கள். பரிதாபப் பெயர் கிடையாது, மாண்புப் பெயர். இதற்குப் பக்கத்தில் நம் சாட்சியை வைத்து வாசித்தால் வித்தியாசம் தானே புரியும்.

‘அப்ப போகவே கூடாதுங்கிறீங்களா?’ என்று கேட்பார்கள். போகலாம். விலாசம் கேட்டுக்கொண்டு போகலாம். அதற்கு முன்னால் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அருந்ததியர் தெருவில் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம். ஒன்பது பேரில் எத்தனை பேர் அந்தத் தெருவுக்குள் போயிருப்பார்கள் என்று நான் கேட்டேன். ஒருவன் மட்டும், “அங்க போனா வீட்ல ஏசுவாக” என்று உண்மையைச் சொன்னான். அன்று நான் கேட்டதில் சாட்சி என்றால் அது ஒன்றுதான். அதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

அடுத்த பயணத்துக்குக் காணிக்கை எடுக்கிறார்கள். நானும் போடுவேன். கவரின் மேல் ஆச்சியின் அத்தை பேரை எழுதித்தான் போடுவேன்.