'நைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறும் மொழிபெயர்ப்பாளரும்

முன்னுரை

சொற்பொருள் மாற்றத்தை விளக்கும் தமிழ் மொழியியல் நூல்களில் 'நாற்றம்' என்னும் சொல் பெரும்பாலும் இடம்பெறும். பண்டு நறுமணத்தையும் குறித்த அச்சொல் இன்று தீய மணத்தையே குறிப்பதால், அஃது இழிபொருட்பேற்றுக்குச் சான்றாகிறது. இதற்கு மறுதலையான உயர்பொருட்பேற்றுக்கு ஆங்கிலத்திலிருந்து சான்று தருவோர் 'நைஸ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வதுண்டு. 'அறிவற்ற' என்னும் பொருளோடு ஆங்கிலத்துள் புகுந்த சொல் இன்று 'இனிய' என்னும் பொருளில் வழங்குகிறது என ஒரே தொடரில் அதன் வரலாறு சொல்லி முடிக்கப்படும்.

தொடக்கமும் முடிவும் சரியே. ஆயின் இவ்விரு முனைகளுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளது. சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோர் எழுதியது அவ்விடைக் காலத்தில்தான். உயர்பொருட்பேறு என்னும் பெயர் முனைகளை மட்டுமே காட்டுகிறது. இடைக்கால நூலொன்றைத் தமிழாக்குவோருக்கு அப்பெயரால் விளையும் பயன் சிறிது. விளையக்கூடிய பிழையோ பெரிது. இச்சொல் கடந்துவந்த இடைநிலைகளை ஆராய்ந்து, அவை மொழிபெயர்ப்பாளருக்கு எழுப்பும் சிக்கல்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பும் வருகையும்

இலத்தீன் மொழியில் 'ஸ்கீரே' என்பது அறிதலைக் குறிக்கும் வினை. எதிர்மறை முன்னொட்டுப் பெற்று அதனின்றும் பிறந்த 'நெஸ்கியுஸ்' என்னும் பெயரடை 'அறியாத' எனப் பொருள்படும். 'சயன்ஸ்' என்னும் சொல்லும் இவ்வினையடியிலிருந்து தோன்றியதே. எனவே அறிவியலைக் குறிக்கும் சொல்லும் அறியாமையைக் குறித்த சொல்லும் ஒரே வேரின. 'நெஸ்கியுஸ்' பழம் பிரெஞ்சு மொழியில் உருத் திரிந்து பேதைமை, மந்தம் முதலிய பொருள்களில் வழங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்துள் நுழைந்தன. அவற்றுள் ஒன்றான இச்சொல் 1300ஆம் ஆண்டை ஒட்டி 'பேதைமையுடைய' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் காணப்படுகிறது. 1400இல் மறைந்த சாசரின் படைப்புகளிலும் பேதைமைப் பொருள் தெளிவாக வழங்குகிறது.

இச்சொல்லுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்த மற்றொரு சொல் 'ஸில்லி' என்பது. பழைய ஆங்கிலத்தில் அது 'பேறுபெற்ற', 'மகிழ்வுடைய' எனப் பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் அதன் இனச்சொல்லான 'ஸேலிக்' அப்பழம்பொருளை இன்றும் இழக்கவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் அது கள்ளமற்ற, இரங்கத்தக்க, வலிமையற்ற என்னும் நிலைகளைக் கடந்து 16ஆம் நூற்றாண்டில் 'அறிவற்ற' என்னும் பொருளை அடைந்தது. பேதைமை என்னும் பொருட்களத்திலிருந்து ஒரு சொல் வெளியேறியது. மற்றொரு சொல் அதனுள் வந்து சேர்ந்தது. இரண்டின் முனைகளையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுதல் வகுப்பறைக்கு எளிது. இரண்டும் எவ்வாறு நடந்தன என்பதை அவ்வொப்பீடு விளக்குவதில்லை.

பொருள் நகர்ந்த வழி

'நைஸ்' என்னும் பெயரடையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, அஃது எவ்வகைப் பெயர்களைத் தழுவி வந்தது என்று நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் அது மனிதரைத் தழுவியது. பேதையாக நடப்பவர், ஆடம்பரத்திலும் காமக் களியாட்டத்திலும் வரம்பு மீறுபவர், அளவுக்கு மிஞ்சி நாணுபவர், எதிலும் எளிதில் நிறைவடையாதவர் ஆகிய பலரும் இச்சொல்லால் குறிக்கப்பட்டனர். இவை ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றினும், 'அளவு அறியாமை' என்னும் கருத்து இவற்றுக்குப் பொதுவாக உள்ளது. அளவின்றிக் களிப்பவரும் அளவின்றிக் கூசுபவரும் ஒரே குறையுடையவரே.

அடுத்த நிலையில் இச்சொல் செயலையும் ஆராயப்படும் பொருளையும் தழுவியது. எளிதில் நிறைவடையாதவர் எதையும் நுணுகிப் பார்ப்பர். ஆதலின் நுணுகிப் பார்க்கும் கண், நுணுகிச் செய்யும் தீர்ப்பு ஆகியனவும் 'நைஸ்' எனப்பட்டன. நுணுகிப் பார்த்தாலன்றி விளங்காத வேறுபாடும் அவ்வாறே அழைக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற இந்நுண்மைப் பொருளில் இகழ்ச்சி குறைந்து பாராட்டுத் தோன்றலாயிற்று. எனினும் நுணுக்கமானது சிறியதாகவும் இருத்தல் கூடும். சிறியது அற்பமானதாகவும் கருதப்படும். எனவே 'அற்பமான' என்னும் பொருளும் அதே காலத்தில் உடன் வழங்கியது.

மூன்றாம் நிலையில், நுணுகிப் பார்ப்பவரையும் நிறைவுசெய்யும் பொருள் இச்சொல்லைப் பெற்றது. சுவை தேர்ந்தவர் ஏற்கும் உணவு முதலியன இதற்குள் அடங்கும். தேர்ந்தவருக்கு உகந்தது என்னும் கருத்திலிருந்து 'தேர்ந்தவருக்கு' என்னும் கூறு மறைந்து, 'உகந்தது' என்பது மட்டும் எஞ்சியபோது 'இனிய' என்னும் இன்றைய பொருள் பிறந்தது. இது நிகழ்ந்தது 18ஆம் நூற்றாண்டில். அதன் பின்னரே இச்சொல் மீண்டும் மனிதரிடம் திரும்பி, 'பரிவுள்ளவர்', 'பழகுதற்கு இனியவர்' என்னும் பொருளைத் தந்தது. பேதையைச் சுட்டிப் புறப்பட்ட சொல் பண்பாளரைச் சுட்டித் திரும்பியது எனலாம்.

ஆபத்தான பொருள்

சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் 'ஆபத்தான பொருள்' என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு சொல்லுக்கு இன்று மேலோங்கி நிற்கும் பொருள், பழைய நூலைப் படிப்போர் மனத்தில் தானே வந்து அமர்ந்துகொள்ளும். அவ்வாறு அமர்ந்தும் தொடர் ஓரளவு பொருள் தருமாயின், படிப்போருக்கு ஐயமே எழாது. முற்றிலும் அறியாத சொல் அகராதியைப் புரட்டச் செய்யும். அறிந்ததாகத் தோன்றும் சொல்லே ஏமாற்றும்.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தின் ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில் இவ்வாபத்து உள்ளது. ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் சேரவில்லை என்று அறிந்த துறவி லாரன்ஸ், அக்கடிதம் 'நைஸ்' அன்று என்கிறார். 'அஃது அற்பமான கடிதம் அன்று' என்பதே அவர் கருத்து. இன்றைய பொருளைக் கொண்டு 'இனிமையான கடிதம் அன்று' என்று தமிழாக்கினாலும் இலக்கணம் பிழைபடாது. துயர நாடகத்தின் போக்கோடு பொருந்துவது போலவும் தோன்றும். ஆனால் காட்சி சிதைந்துவிடும். காதலர் இருவரையும் காக்கும் திட்டம் அக்கடிதத்தில்தான் இருந்தது. அதன் இன்றியமையாமையைச் சொல்லித் துறவி நடுங்கும் இடம், கடிதத்தின் சுவையைப் பற்றிய குறிப்பாகக் குன்றிவிடும். அதே நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், பூசல் எத்துணை அற்பமானது என்று ரோமியோ எடுத்துரைத்ததைக் கோமகனுக்குப் பென்வோலியோ விளக்கும்போதும் இச்சொல் இதே பொருளில் வருகிறது.

'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் இறுதிக் காட்சியில் பொருள் வேறு. மணத்திற்கு முன் முத்தமிடுதல் பிரெஞ்சு மகளிரின் வழக்கமன்று என மறுக்கும் இளவரசியிடம், 'நைஸ்' ஆன வழக்கங்கள் பேரரசர்முன் தலைவணங்கும் என்னும் கருத்தில் மன்னன் விடை கூறுகிறான். இங்கு 'நல்ல வழக்கங்கள்' என்று பெயர்த்தால், மன்னன் அவ்வழக்கத்தைப் போற்றுவதாகிவிடும். அவனோ அதன் மிகைநுணுக்கத்தை எள்ளுகிறான். 'கறாரான வழக்கங்கள்' என்பது மூலத்திற்கு நெருங்கி வரும்.

இவ்விடங்களில் பொருளை வரையறுத்தல் இயலும். எல்லா இடங்களிலும் அவ்வாறு இயல்வதில்லை. மில்டன் 1634இல் இயற்றிய 'கோமஸ்' என்னும் நாடகத்தில், இந்தியக் குன்றின்மேல் தோன்றும் வைகறை ஒரு பெண்ணாக உருவகிக்கப்பட்டு, 'நைஸ்' என்னும் அடை பெறுகிறாள். அவள் நாணமுடையவளா, பிறர் ஒழுக்கத்தில் குறை காணும் கண்டிப்புடையவளா? இரவுக் களியாட்டத்தின் தலைவனாகிய கோமஸ் கூற்றில் இச்சொல் வருவதால் இரு பொருளும் ஏளனத்தோடு ஒருங்கே இயங்குகின்றன. 16, 17ஆம் நூற்றாண்டுச் சான்றுகள் பலவற்றில் ஆசிரியர் எப்பொருளைக் கருதினார் என்று துணிதல் அரிது என ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே குறிப்பிடுவது ஈண்டுக் கருதத்தக்கது. மூலத்தைப் படித்தோர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமலே கடந்து செல்ல முடிந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் ஒன்றை எழுதியே ஆகவேண்டும். எழுதும்போது மற்றொன்றை இழக்கிறார். அவ்விழப்பை அறிந்து எழுதுவதற்கும் அறியாது எழுதுவதற்கும் வேறுபாடு பெரிது.

ஹென்றி டில்னியின் பிழை

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்கு நுண்மைப் பொருளே முதலிடம் பெறுகிறது. இனிமைப் பொருள் பரவிய பின்னர் எழுந்த பூசலை ஜேன் ஆஸ்டின் 'நார்த்தாங்கர் அபி' என்னும் நாவலின் பதினான்காம் இயலில் காட்சியாக்கியுள்ளார். 1803இல் ஒரு பதிப்பாளருக்கு விற்கப்பட்டும் அச்சேறாது கிடந்த இந்நாவல், ஆசிரியர் மறைந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்தது. பாத் நகருக்கருகே குன்றொன்றில் உலாவும்போது, கேத்தரின் மார்லண்ட் என்னும் இளம்பெண் ஆன் ராட்கிளிஃபின் 'உடால்போ' நாவலை இச்சொல்லால் புகழ்கிறாள். ஹென்றி டில்னி அச்சொல்லை 'நேர்த்தி' என்னும் பொருளில் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, அது நூற்கட்டைப் பொறுத்தது என்று கிண்டல் செய்கிறான். அந்நாள், அவ்வுலா, உடன்வரும் பெண்கள் என எல்லாவற்றுக்கும் அச்சொல்லையே அடுக்கிக் காட்டுகிறான். முற்காலத்தில் நேர்த்தி, தகுதி, நயம் ஆகியவற்றை மட்டும் குறித்திருக்கக்கூடிய சொல் இன்று எல்லாப் புகழ்ச்சிக்கும் பொதுவாகிவிட்டது என்பது அவன் வாதம். அவன் தங்கை எலினார், ஜான்சனையும் பிளேரையும் கொண்டு அண்ணன் தங்களைத் திணறடிப்பான் எனக் கேத்தரினை எச்சரிக்கிறாள்.

இக்காட்சியைத் தூய வழக்கின் வெற்றியாகக் கொள்வோர் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. டில்னி முதற்பொருள் எனக் கருதுவது உண்மையில் இடைப்பொருள். முதற்பொருளே வேண்டுமெனில், 'அறிவற்ற புத்தகம்' என்றே அவன் கொள்ளவேண்டியிருந்திருக்கும். தான் கற்ற பருவத்தின் பொருளையே சொல்லின் பிறவிப்பொருளாகக் கொண்டு, பின்வந்த மாற்றத்தைச் சிதைவு என்று இகழ்வது டில்னிக்கு மட்டும் உரிய பிழையன்று. வழக்குச் சீர்கேட்டைக் கண்டிக்கும் பலரும் இப்பிழையைச் செய்கின்றனர். எனினும் டில்னியின் வாதத்தில் உண்மை ஒன்றுண்டு. பொருள் பரந்தபோது இச்சொல்லின் கூர்மை மழுங்கியது. 'நைஸிட்டி' என்னும் பெயர்ச்சொல்லிலும், நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்கும் சில தொடர்களிலுமே பழைய கூர்மை இன்று எஞ்சியுள்ளது.

தமிழாக்கத்தில் எழும் தேர்வு

இக்காட்சியைத் தமிழில் தருவது எளிதன்று. 'நேர்த்தியான புத்தகம்' என்று பெயர்த்தால் நூற்கட்டைப் பற்றிய கிண்டல் அப்படியே நிற்கும். ஆனால் 'நேர்த்தி' இளம்பெண்ணொருத்தி எதற்கும் வாய்தவறாது சொல்லும் புகழ்ச்சொல் அன்று. 'நேர்த்தியான நாள்', 'நேர்த்தியான பெண்கள்' என்று அடுக்கும்போது வழக்கு இடறுகிறது. மலினப்பட்ட சொல் என்னும் குற்றச்சாட்டும் பொருந்தாது போகிறது.

இவ்விடத்தில் 'அருமை' என்னும் சொல் ஆராயத்தக்கது. 'கிடைத்தற்கு அரியது', 'செயற்கு அரியது' என்னும் வரையறையுடைய பொருளிலிருந்து பொதுப் புகழ்ச்சியாக விரிந்த சொல் அது. 'அருமையான நாள்', 'அருமையான உலா', 'அருமையான பெண்கள்' என்று தடையின்றி அடுக்கலாம். கேத்தரின் 'அருமையான புத்தகம்' என்றால், 'கடைகளில் கிடைப்பது அத்துணை அரிதோ?' என டில்னி குத்திக் கேட்கலாம். நூற்கட்டு மறைகிறது, கிண்டலின் அமைப்பு நிலைக்கிறது. வரையறையுடைய பொருள் பொதுப்பொருளாகக் கரைவதே இக்காட்சியின் உயிர் ஆதலின், 'அருமை' என்னும் தேர்வே மேலானது. ஒரு சொல்லின் பொருளைப் பெயர்க்க இயலாதவிடத்து, அதனையொத்த வரலாறுடைய சொல்லை நாடுதல் நெறியாகும் என்பது இதனால் புலப்படும்.

பேச்சுத் தமிழில் 'நைஸ்'

இவ்வாங்கிலச் சொல் பேச்சுத் தமிழிலும் புகுந்து தனக்கெனப் பொருள்கள் பெற்றுள்ளது. மாவை 'நைஸாக' அரைத்தல் என்புழி அது துகளின் நுண்மையைக் குறிக்கிறது. 'நைஸாக நழுவினான்' என்புழிப் பிறர் அறியாவண்ணம் செய்தலையும், 'நைஸ் பண்ணுதல்' என்புழி இச்சகம் பேசி இணங்கவைத்தலையும் குறிக்கிறது. பொருளின் தன்மையிலிருந்து செயலுக்கும், செயலிலிருந்து மனித உறவுக்கும் சொல் நகர்ந்திருப்பது நோக்கத்தக்கது. மாவின் நுண்மை ஆங்கிலத்தின் பழைய நுண்மைப் பொருளை நினைவூட்டினும், ஒப்புமை ஒன்றையே கொண்டு தொடர்ச்சி கற்பித்தல் கூடாது. 'நயம்' என்னும் தமிழ்ச்சொல்லின் ஒலியை வைத்து உறவு காண்பதும் அத்தகையதே. தமிழ்ப் புனைகதையை ஆங்கிலமாக்குவோர் இச்சொல்லை ஆங்கிலச் சொல்தானே என அப்படியே திருப்பித் தருவாராயின், ஆபத்தான பொருள் இம்முறை எதிர்த்திசையில் தோன்றும்.

முடிவுரை

'நைஸ்' என்னும் சொல்லின் வரலாறு ஒரே ஏணியில் ஏறிய வரலாறு அன்று. புதிய பொருள் வந்தவுடன் பழைய பொருள் அகலவில்லை. பல பொருள்கள் ஒரே காலத்தில், ஒரே ஆசிரியரிடத்திலும் வழங்கின. எனவே உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்னும் பாகுபாடு வரலாற்றின் சுருக்கமாகுமேயன்றி வரலாறு ஆகாது. இருமொழி அகராதிகள் பொருள்களை வெறுமனே வரிசைப்படுத்தாது, ஒவ்வொரு பொருளும் வழங்கிய நூற்றாண்டையும் அது தழுவும் பெயரின் வகையையும் குறித்தல் வேண்டும். அத்தகைய அகராதி அமையும்வரை, பழைய ஆங்கில நூலில் நன்கு தெரிந்த சொல்லொன்று தடையின்றிப் பொருள் தரும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை நின்று நோக்குதல் நன்று. துறவி லாரன்ஸின் கடிதம் ரோமியோவைச் சேரவில்லை. அதைப் பற்றி அவர் சொன்ன சொல்லேனும் தமிழ் வாசகரைப் பிழையின்றிச் சேர்தல் வேண்டும்.