கண்ணாடி வீட்டில் குப்பைக் கூடை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிரர் ஏரிக்கரையில், ஃபிராங்க் லாயிட் ரைட் 1958இல் வடிவமைத்த சேத் பீட்டர்சன் குடிலை இன்று இரவுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். கண்ணாடி வழியே காட்டைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். குப்பையை எங்கே வைப்பது என்ற கேள்வி இரண்டு நாளில் பெரிதாக எழாது. எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு எழுந்தது.

எடித் சிகாகோவில் சிறுநீரக மருத்துவர்; மணம் செய்துகொள்ளாதவர். வார இறுதிகளைக் கழிக்க, இல்லினாய் மாநிலத்தின் பிளேனோவில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் வீடு கட்டித்தர மீஸ் வான் டெர் ரோவை அமர்த்தினார். 1951இல் வீடு முடிந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே கதவடைத்துக்கொள்ளக் குளியலறையை விட்டால் வேறு இடமில்லை. அழகான வீடுதான், அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் 1953இல் 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' இதழிடம் எடித் வேறொன்றைச் சொன்னார். வரும் வழியிலேயே சமையலிடம் முழுவதும் தெரிவதால் கழுவுதொட்டியின் கீழே குப்பைக் கூடை வைக்க முடியவில்லை. ஒரு ஹேங்கரை மாட்டினால்கூட வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சுவர் இல்லாத வீட்டை விடுதலை என்று எழுதிய விமர்சகர்கள் இந்தக் கூடையைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. பிறர் பார்வைக்காகவே ஒழுங்காக இருப்பது பெண்களுக்குப் பழகிய வேலை. வீடு அதைச் சட்டமாக்கியது.

பணப் பாக்கிக்காக மீஸ் வழக்குப் போட்டார், எடித் எதிர்வழக்குப் போட்டார். தீர்ப்பு மீஸ் பக்கம் சாய்ந்தது. செலவு ஏறியது, கூரை ஒழுகியது என்ற அவருடைய புகார்களைவிட, காதல் கைகூடாத ஆத்திரம் என்ற வதந்திதான் நெடுநாள் நின்றது. ஓர் ஆண் கூரை ஒழுகுகிறது என்றால் பேச்சு கூரையைப் பற்றியதாக இருக்கும்.

ஆனாலும் அவரை வெறும் பலியாளாகப் பார்ப்பதும் தவறு. இருபது ஆண்டுகள் அந்த வீட்டை வைத்திருந்தார். தனக்குப் பிடித்த நாற்காலிகளைப் போட்டார், முன்தளத்துக்குக் கொசுவலை அடித்தார், ரோஜா நட்டார். 1972இல் வீட்டை வாங்கிய பீட்டர் பாலம்போ கொசுவலையை அகற்றி, மீஸ் வடிவமைத்த நாற்காலிகளைப் போட்டார். பின்னாளில் வந்த புகைப்படங்களில் நாம் கண்டு வியந்தது அந்த வீட்டைத்தான்.

அதுவரை குடும்பப் பெயரால் மட்டும் அறியப்பட்ட வீட்டுக்கு, 2021இல்தான் 'எடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்' என்று பெயர் மாற்றினார்கள். அப்போது எடித் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.