இலேசுத் துப்பாக்கியும் ஏக்க இலக்கியமும்

துப்பாக்கியைப் பற்றிய எழுத்து இலக்கிய விமரிசகனுக்கு உரிய பொருளாகுமா என்று வாசகர் சிலர் வினவலாம். ஆகும் என்பதே நமது விடை. பிரெஞ்சு விமரிசகரான ரோலன் பாத் 1957இல் வெளியிட்ட நூலொன்றில் மோட்டார் வண்டியையும் சவர்க்காரத் தூளையும் மல்யுத்தத்தையும் காவியங்களைப் படிப்பது போலப் படித்துக் காட்டினார். மக்கள் எதனை விரும்பி எழுதுகின்றனரோ, அவ்வெழுத்தில் அவர்கள் வாழும் சமுதாயம் தன்னையறியாமலே பேசிவிடுகின்றது. அத்தகைய எழுத்துவகை ஒன்று அமெரிக்காவில் நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளது. உற்பத்தி நிறுத்தப்பட்ட இலேசான கைத்துப்பாக்கி மீண்டும் வரவேண்டும் என ஏங்கும் எழுத்தையே குறிப்பிடுகின்றோம்.

இவ்வேக்கத்துக்கு உரியவற்றுள் முதன்மையானது கோல்ற் கம்பனியின் 'கோப்ரா' என்னும் றிவோல்வர். அக்கம்பனி 1927 தொட்டுச் செய்துவந்த 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற குறுங்குழல் துப்பாக்கி உருக்கினாலானது. நிறை ஏறக்குறைய 21 அவுன்சு. 1950இல் அதன் உடற்சட்டத்தை மாத்திரம் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்து, நாகத்தின் பெயரை இட்டு விற்பனைக்கு விட்டனர். நிறை 15 அவுன்சாகக் குறைந்தது. குண்டேற்றாத நிலையில் ஓர் இறாத்தல் பாணின் நிறையிலும் ஓர் அவுன்சு குறைவு. யுத்தகாலத்தில் ஆகாய விமானங்களுக்காகப் பெருகிய அலுமினியத் தொழில், சமாதான காலத்தில் மனிதனின் சட்டைப்பையைத் தேடி வந்தது எனலாம். 1981இல் அதன் உற்பத்தி நின்றது.

அன்று தொடங்கிய புலம்பல் இன்னும் ஓயவில்லை. துப்பாக்கிச் சஞ்சிகைகளிலும் சேகரிப்பாளர்க்கான நூல்களிலும் அது ஒரு நிலையான வடிவத்தைப் பெற்றுவிட்டது. முதலில் இலேசின் புகழ், அடுத்து விசையின் வழுவழுப்பு, பின்னர் கம்பனியின் மீது ஒரு மெல்லிய கோபம், இறுதியில் வேண்டுகோள். தமிழ் மரபறிந்தோர் இதில் கையறுநிலையின் சாயலைக் காண்பர். புரவலன் இறந்தபின் புலவன் பாடும் அப்பாட்டில் புரவலனின் ஈகையும் அவனை இழந்தோரின் பசியும் இருக்கும். இங்கே இறந்தது ஒரு பண்டம். இழந்தவன் அதை வாங்க விரும்பியும் வாங்க முடியாதவன்.

இலேசைப் பற்றிய புகழுரையை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இடுப்பிலோ பையிலோ இருப்பதே தெரியாது என்பதுதான் இவ்வெழுத்துக்களில் மிகுதியாகக் காணப்படும் பாராட்டு. ஓர் ஆயுதத்தைச் சுமப்பவன் அதனை மறந்திருக்கக்கூடும் என்பது எவ்வாறு ஒரு நற்குணமாயிற்று? பாரம் என்பது ஒருவகை எச்சரிக்கை. வாளைச் சுமந்தவன் வாளோடு செல்கின்றோம் என்பதை ஒவ்வோர் அடியிலும் அறிந்திருந்தான். 1963 நவம்பர் 24ஆந் திகதி டலஸ் நகரப் பொலிஸ் தலைமையகத்தின் நிலக்கீழ்த் தளத்தில், தொலைக்காட்சியில் நாடு பார்த்துக்கொண்டிருக்க, ஜக் றூபி என்பவர் லீ ஹாவி ஒஸ்வல்டைச் சுட்டது ஒரு கோப்ராவினாலேயே. பொலிஸாரும் பத்திரிகையாளரும் நிறைந்த கூட்டத்தினுள் அதனை எவர் கண்ணிலும் படாமற் கொண்டுவர முடிந்தது. ஏக்க எழுத்தாளர் எந்தக் குணத்தைப் போற்றுகின்றனரோ அந்தக் குணமே அன்று தொழிற்பட்டது. அத்துப்பாக்கி 1991இல் ஏலத்தில் 220,000 டொலருக்கு விலைபோயிற்று.

இலேசுக்கு இயற்கை விதிக்கும் விலையும் உண்டு. நிறை குறையக் குறையத் துப்பாக்கி கையில் உதைக்கும் உதை கடுமையாகும். ஆதலாற் பயிற்சி நோவுடையதாகி, பலர் அதனைச் சுமப்பரே அன்றிப் பழகார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளுக்கென இன்னும் இலேசான ஒரு றிவோல்வரைச் செய்வித்தது. அதில் உடற்சட்டம் மாத்திரமன்றிக் குண்டுகள் தங்கும் சுழலியும் அலுமினியக் கலப்புலோகமே. வெடியின் அமுக்கத்தைச் சுழலி தாங்காதென்று கண்டு, பெரும்பாலானவற்றை மீளப்பெற்று அழித்தனர். அழிவுக்குத் தப்பிய சில இன்று சேகரிப்பாளரின் பெருநிதியங்கள். பயன்படுத்தத் தகாதது என ஒதுக்கப்பட்ட கருவி, அவ்வாறு ஒதுக்கப்பட்டதனாலேயே விலையேறுகின்றது. மார்க்ஸ் 1867இற் பண்டத்தின் மாயை பற்றி எழுதியபோது மேசையை உதாரணங் காட்டினார். இவ்வுதாரணம் கிடைத்திருப்பின் மேசையை விட்டிருப்பாரோ என்னவோ!

வழுவழுப்பைப் பற்றிய புகழுரை வேறு வகையானது. அதில் உண்மை உண்டு. நாமும் அதற்குத் தலைவணங்குவோம். பழைய கோல்ற் றிவோல்வரின் உட்பொறியைப் பொறியியந்திரம் மாத்திரம் செய்து முடித்துவிடாது. சுழலியைத் தள்ளும் சிறு நாக்கையும் அதனை உரிய இடத்தில் நிறுத்தும் பூட்டையும் தேர்ந்த தொழிலாளி ஒருவர் அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்துதல் வேண்டும். மயிரிழை பிசகினும் சுழலி நேரத்துக்குப் பூட்டாது. விசையை இழுக்கும் விரல் உணரும் இன்பமென்று எழுதப்படுவது, ஹாட்பட் நகரத்துத் தொழிலாளியின் மணிக்கட்டில் ஆண்டுக்கணக்கிற் படிந்த அறிவேயாகும்.

இவ்வெழுத்துக்களை நாம் குறைகூறுவது இவ்விடத்திலேதான். கைவினையைப் போற்றும் இவர்கள் கையைப் பற்றி எழுதுவது அரிது. 'உற்பத்தி நின்றுபோயிற்று' என்று மழை நின்றதைப் போல எழுதுகின்றனர். நிறுத்தியவர் யார் என்பதை அவ்வினைச்சொல் மறைத்துவிடுகின்றது. பொலிஸார் தன்னியக்கப் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கினர். கையாற் பொருத்தும் வேலைக்குக் கூலி கூடிற்று. இலாபக் கணக்கு பார்ப்போர் பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டனர். கோப்ரா நின்று ஐந்தாண்டுகள் கழியுமுன்னரே, 1986 ஜனவரியில், அக்கம்பனியின் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிர்வாகம் வெளியாட்களைக் கொண்டு தொழிற்சாலையை ஓட்டியது. 1988இல் இராணுவத் துப்பாக்கி ஒப்பந்தம் போட்டிக் கம்பனியிடம் போயிற்று. 1990 வரை, நான்கு ஆண்டுகள், போராட்டம் நீடித்தது. முடிவில் தொழிற்சங்கமும் கனெற்றிக்கட் மாநிலத்தின் ஓய்வூதிய நிதியும் பங்கேற்ற ஒரு கூட்டு கம்பனியை வாங்கியது. 1992இல் அதுவும் வங்குரோத்தை நாடியது. வழுவழுப்பான விசை எங்கே போயிற்று எனக் கேட்போருக்கு விடையின் பெரும்பகுதி இவ்வரலாற்றில் இருக்கின்றது.

புறநானூற்றின் 312ஆம் பாட்டிற் பொன்முடியார், வீரனொருவன் உருவாவதற்குத் தாயும் தந்தையும் வேந்தனும் ஆற்றவேண்டியவற்றைச் சொல்லுமிடத்து, வேல் வடிக்கும் கொல்லனுக்கும் ஓரிடம் கொடுத்துள்ளார். போரைப் போற்றிய நிலப்பிரபுத்துவக் காலத்துக் கவியுள்ளமும் உலைக்களத்தை மறக்கவில்லை. நவீன முதலாளித்துவத்தின் ஏக்கப் புலவர் மறந்துவிட்டனர்.

இவர்களை நாம் ஏளனஞ் செய்வதாக எவரும் கருதவேண்டா. இரவிற் கடையைப் பூட்டிவிட்டுத் தனியே வீடு திரும்பும் சிறு வியாபாரியின் அச்சமும், தன்னைத் தொடர்ந்து துன்புறுத்தும் ஒருவனுக்கு அஞ்சும் பெண்ணின் அச்சமும் மெய்யானவை. ஆனால் அவ்வச்சத்தை அவுன்சுக் கணக்காக மாற்றி விற்பவன் அதன் காரணத்தைத் தொடுவதில்லை. ஏக்க எழுத்தும் தொடுவதில்லை. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எல்லா வகைத் துப்பாக்கிகளாலும் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர். தற்காப்புக்கென வைத்திருக்கும் இலேசான கருவியைப் பற்றிய புகழுரையில் இத்தொகைக்கு ஒரு வரியேனும் ஒதுக்கப்படாதது கலைக்குறைபாடு மாத்திரமென்று நாம் கொள்ளமாட்டோம்.

வேண்டுகோள் ஒருவாறு நிறைவேறியதும் உண்டு. பல்லாண்டுகளாக இத்தகைய றிவோல்வர்களைச் செய்யாதிருந்த கம்பனி 2017இற் 'கோப்ரா'வை மீண்டும் சந்தைக்கு விட்டது. உடற்சட்டம் துருவேறா உருக்கு; நிறை ஏறக்குறைய 25 அவுன்சு. அலுமினியக் கோப்ராவை விட மாத்திரமன்றி, எந்த உருக்குத் துப்பாக்கியை இலேசாக்கவென்று கோப்ரா பிறந்ததோ, அந்த 'டிடெக்டிவ் ஸ்பெஷ'லையும் விட அது பாரமானது. உட்பொறியும் அரத்துக்கு வேலை வைக்காத புதிய அமைப்பு. ஏங்கியோர் கேட்டவற்றுட் பெயரொன்றே அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2015இல், கம்பனி மீண்டும் ஒருமுறை வங்குரோத்து நீதிமன்றத்தின் படியேறியிருந்தது. 2021இல் செக் நாட்டு ஆயுதக் குழுமமொன்று அதனை வாங்கி, அடுத்த ஆண்டிற் கோல்றின் பெயரைத் தன் பெயரின் முன்னே சேர்த்துக்கொண்டது.