போதையா பாடிற்று?

ராஜா அண்ணாமலைபுரத்தில், நண்பர் ஒருவரது இல்லத்து மாடியில் இளங்கவிஞர் சிலர் அண்மையில் கூடினர். நாமும் சென்றிருந்தோம். அங்கிருந்து தொலைவில் இல்லாத தியாகராயநகரில் வாழ்ந்த கண்ணதாசனைப் பற்றிப் பேச்சு எழுந்தது. “கோப்பை இல்லையேல் அந்தக் கவிதை ஏது?” என்றார் ஒருவர். உடனே கைதட்டல்! புகழுரை என்று எண்ணித் தட்டினர். பழியுரை என்று உணர்ந்தாரில்லை.

கண்ணதாசன் தம் பழக்கத்தை மறைத்தவரல்லர். மதுவையும் பெத்தடின் ஊசியையும் தாமே ஒப்புக்கொண்டவர். ‘வனவாசம்’ நூலில் தம்மையே ‘அவன்’ என்று படர்க்கையில் நிறுத்திக் குற்றம் சாட்டினார். அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆனால், ஒருவர் தந்த வாக்குமூலத்தை அவர் பாட்டின் பிறப்புச் சான்றாகக் கொள்வது எந்த ஊர் ஆராய்ச்சி?

இம்மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 16-ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த புசூலி, பங்கும் மதுவும் தம்முள் போர் புரிவதாக ஒரு நெடும்பாட்டே இயற்றிப் பாரசீகப் பேரரசன் ஷா இஸ்மாயிலுக்குக் காணிக்கையாக்கினார். அடுத்த நூற்றாண்டில் பாரசீகம் சென்ற பிரெஞ்சு வணிகர் ஷார்தான், கசகசாக்காய் வேகவைத்த நீர் விற்கும் கடைகளைக் கண்டு எழுதினார். வாடிய முகத்தோடு நுழைவர். குடித்துச் சிறிது நேரம் களிப்பர். அபின் அரண்மனையிலும் இருந்தது, அங்காடியிலும் இருந்தது. உண்டோர் எண்ணற்றோர். அத்தனை பேரும் புலவராயினரா? இல்லையே! மேலும், பாரசீகப் பாட்டில் வரும் மது பல இடங்களில் இறைக்காதலின் குறியீடு. குறியீட்டையும் குப்பியையும் பிரித்தறியாதவர் திறனாய்வு செய்யப் புகுவது வேடிக்கைதான்.

கண்ணதாசனிடத்தும் இதே பிழை. திரையில் குடிகாரன் பாடுவது கதைமாந்தன் குரல். அதைக் கவிஞரின் நாட்குறிப்பாகப் படிக்கின்றனர். 1961-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் ஒரே ஆண்டு! மெட்டு ஒலிக்கும், இசையமைப்பாளர் காத்திருப்பர், கவிஞர் வாய்மொழிவார், உதவியாளர் எழுதுவார். சந்தத்தில் ஓர் அசை மிகினும் பாடகர் நாக்கில் தட்டும். அவ்விடத்தில் வேலை செய்தது தெளிந்த செவியும், பழந்தமிழ் ஊறிய நினைவும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் தாமே தேடிச் சேர்த்த செல்வம் அது. அந்த உழைப்பைப் பறித்துப் புட்டிக்குச் சூட்டுவதா?

இதையே அம்மாடியில் சொன்னோம். கைதட்டியவர்களுள் ஓர் இளைஞர் படியிறங்கும்போது எம்மிடம் கேட்டார்: “ஐயா, அவருக்கு அப்போது என்ன வயது?”

1981 அக்டோபர் 17, சிகாகோ மருத்துவமனை, வயது 54 என்றோம்.