தீட்சிதர் காதில் விழுந்த வால்ட்ஸ்

கந்தர்வக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு வால்ட்ஸ் நடனத்தைப் பற்றி எழுத என்னய்யா இருக்கு என்றார் நண்பர். இருக்கு. முத்துசுவாமி தீட்சிதரின் 'ராம ஜனார்தன' கேட்டிருப்பீர்கள். அதன் மெட்டு 'ஜெனரல் மாண்ட்கோமரி வால்ட்ஸ்' என்ற ஐரோப்பிய ஆட்ட மெட்டு.

தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலம் அது. தம்பி பாலுசாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணன் காதில் பேண்டு வாத்திய மெட்டுகள் விழுந்தன. அப்படிப் பிறந்தவைதான் சுமார் நாற்பது நோட்டு ஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரணம்.

வால்ட்ஸ் அப்போது மரியாதையான ஆட்டம் இல்லை. ஆஸ்திரியா, தென் ஜெர்மனிப் பக்கத்துக் குடியானவர் ஆட்டங்களிலிருந்து வந்தது. ஆணும் பெண்ணும் இடுப்பைப் பிடித்துச் சுழல்வார்கள். 1816-ல் லண்டன் அரண்மனை விருந்தில் அதை ஆடினார்கள் என்று 'டைம்ஸ்' பத்திரிகை திட்டித் தீர்த்தது. அவர்கள் ஊரிலேயே கூச்சப்பட்ட ஆட்டத்தின் தாளத்தில் இங்கே ஒருவர் ராமனைப் பாடியிருக்கிறார்!

என் குறை இதுதான். இன்று இதைப் பாடுபவர்கள் பலரும் 'வெள்ளைக்காரன் பேண்டு பாட்டு' என்று அணிவகுப்பு மாதிரி லெஃப்ட்-ரைட் போட்டுவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு பள்ளி விழாவில் நாலு எண்ணிக்கை டிரம்ஸோடு கேட்டேன், பாட்டு நொண்டியது. நோட்டு ஸ்வரங்களில் அணிவகுப்பு மெட்டுகளும் உண்டு, ஆனால் இது அதில் சேராது. இது திச்ர ஏகம். 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். முதல் அடியில் அழுத்தம், மற்ற இரண்டும் மிதக்கும். அந்தச் சுழற்சிதான் வால்ட்ஸ்.

கிருதியாக எடைபோட்டால் இது பெரிய படைப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கமகம் கிடையாது, ராகம் விரியவும் இடமில்லை. அவருடைய நவாவரண கிருதிகளுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. அதற்காகக் 'குழந்தைப் பாட்டு' என்று ஒதுக்குவதும் தப்பு. அந்நிய மெட்டை அதன் நடை கெடாமல் எடுத்து, அதில் சமஸ்கிருதச் சொற்களை உட்கார வைப்பது சுலபமான வேலையா?

இங்கேயிருந்து பஸ் ஏறினால் தஞ்சாவூர். அங்கே இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். நம் பக்கத்துக் காதுகளுக்கு இந்த ஓசை அப்போதே பழக்கம். மூலத்தைச் சொன்னால் தீட்சிதருக்குக் குறைவு என்று நினைப்பவர்களுக்குத்தான் இது புதுசு. அடுத்த முறை குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இது ஒரு ஆட்ட மெட்டு என்று முதலில் சொல்லிவிடுங்கள். தாளம் தானாகச் சரியாகும்.