விஷத்தை இறைக்கும் குழாய்

பெல்ஜியம் தேசத்தில், துத்தநாக ஆலையொன்றின் வண்டல் தொட்டியில், பெரும்பாலான நுண்ணுயிர்கள் மடிந்துபோகும் உலோகச் சேற்றின் நடுவே சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பாக்டீரியாவை 1976ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தார்கள். குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்பது அதற்கு இன்று வழங்கும் நாமம்.

அதன் சாமர்த்தியத்தை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் பெருகுகிறது. கோபால்ட், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றின் அயனிகளை அது சிதைப்பதில்லை. தனிமத்தை அழிப்பது எந்த உயிருக்கும் சாத்தியமன்று அல்லவா? ஆகவே, உட்சவ்வில் ஒன்றும், வெளிச்சவ்வில் ஒன்றும், இரண்டையும் இணைக்கும் பாலமாக இடையில் ஒன்றுமாக மூவகைப் புரதங்கள் கூடிச் சமைத்த ஒரு குழாயின் வழியே, ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே பாய்ந்துவரும் வேகத்தையே சக்தியாகக் கொண்டு, அந்த விஷத்தைப் புறத்தே தள்ளிவிடுகிறது. அளவறிந்து இறைப்பதையே நான் மிகவும் போற்றுகிறேன். மிகுந்தால் விஷமாகும் துத்தநாகம் சிறிதேனும் இல்லாவிடில் பல நொதிகள் இயங்கமாட்டா.

இந்தக் குழாயைக் கட்டும் மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையமொன்றில் இருக்கின்றன. அவ்வளையத்தை இழந்த சந்ததி, முன்னோர் சுகித்திருந்த அதே சேற்றைத் தாங்கமாட்டாது.